எம்32: உரித்த பின் மிஞ்சியது

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியின் படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சாய்ந்து கிடக்கும் பெரிய தட்டு, நடுவில் மஞ்சள் வெளிச்சம், சுற்றிலும் கறுத்த தூசிப் பட்டைகள். யார் பார்த்தாலும் கண் அங்கேதான் போகும். மையத்துக்குச் சற்றுத் தெற்கே, தட்டின் மேல் ஒட்டவைத்தது போல ஒரு சின்ன உருண்டை வெளிச்சம் இருக்கும். குறுக்கே வந்து நிற்கும் ஏதோ விண்மீன் என்று பலரும் கடந்துவிடுவார்கள். அது ஒரு தனிக் கேலக்ஸி. பெயர் எம்32. ஆண்ட்ரோமீடாவுக்கு இதுவரை தெரிந்த முப்பதுக்கும் மேற்பட்ட துணைக் கேலக்ஸிகளில் ஒன்று. கொஞ்ச காலமாக எனக்கு ஆண்ட்ரோமீடாவைவிட இதன் மேல்தான் கிறுக்கு.

தேடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன். பெகாசஸ் சதுரத்தின் ஒரு மூலையில் ஆல்ஃபரட்ஸ் இருக்கிறது. நம் உத்திரட்டாதியோடு சேர்த்து எண்ணப்படும் விண்மீன். அங்கிருந்து மீராக் விண்மீனுக்குப் போய், அங்கே வலப்பக்கம் திரும்பி இரண்டு மங்கலான விண்மீன்களைத் தாண்டினால் ஆண்ட்ரோமீடாவின் பனிப்படலம். (வலமா இடமா என்பது நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.) தொலைநோக்கியில் அதன் மையத்தைப் பிடித்துவிட்டால், முழுநிலவின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவான தூரத்தில் எம்32 நிற்கும். சிறிய தொலைநோக்கியில் அது கேலக்ஸி மாதிரியே இருக்காது. குவியம் சரியாக அமையாத விண்மீன் போல, ஓரம் மங்கிய ஒரு பொட்டாகத் தெரியும். பக்கத்து விண்மீன்கள் கூர்மையாகத் தெரியும்போது இது மட்டும் கூர்மைக்கு வராது. அப்படித்தான் அடையாளம் காண வேண்டும்.

மறுபக்கம், வடமேற்கில், இன்னொரு துணை இருக்கிறது. எம்110. மொத்த வெளிச்சத்தைக் கணக்கிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம், சுமார் 8. (தரம் என்பது பிரகாசத்தின் அளவு; எண் கூடக்கூட மங்கல்.) ஆனால் எம்110 தன் வெளிச்சத்தை அகலமாகப் பரப்பி வைத்திருப்பதால் நகர வானத்தில் கரைந்துபோகும். எம்32 அதே வெளிச்சத்தைச் சுருட்டி ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. நிலா வெளிச்சத்தில்கூட அதைப் பிடித்துவிடலாம். இந்தச் சுருட்டல்தான் இந்தப் பதிவின் விஷயம்.

முதலில் அதைக் கண்டவரின் கதை. கொஞ்சம் விலகல்தான், ஆனால் தமிழில் எழுதும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வராது. 1749 அக்டோபரில், இருபத்து நான்கு வயதில், எம்32-ஐ முதலில் பார்த்துப் பதிந்தவர் பிரான்ஸின் கியோம் லெ ஜென்டி. பின்னாளில் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்டாரே, அவரேதான். 1761 கடப்புக்கு அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது; கடலில், ஆடும் கப்பலில் இருந்தபடி பார்த்தார், அளவு எதுவும் தேறவில்லை. அடுத்த கடப்பு வரை இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1769 ஜூனில் புதுச்சேரியில் எல்லாம் தயார்; சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடியது. 1771இல் பிரான்ஸ் திரும்பியபோது, செத்துவிட்டார் என்று வாரிசுகள் சொத்துக்கு நின்றிருந்தார்கள். பரிதாபக் கதையாக இது பல இடங்களில் சொல்லப்படுகிறது. புதுச்சேரியில் அவர் தமிழ்க் கணிதர்களிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டு எழுதி வைத்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது. அன்றைய ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது. தோற்றுப்போன பயணி என்று அவரைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும், அந்தச் சின்ன கேலக்ஸியும் நினைவுக்கு வரும்.

சரி, எம்32. நம்மிடமிருந்து சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரம். விட்டம் ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு. நம் பால்வீதி ஒரு லட்சம் ஒளியாண்டு என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறை சுமார் 300 கோடி சூரியன்கள். கேலக்ஸிக் கணக்கில் இது குள்ளம்தான். ஆனால் அதன் வெளிச்சத்தில் பாதி, மையத்திலிருந்து ஏறக்குறைய 360 ஒளியாண்டுக்குள் அடங்கிவிடுகிறது. மீதிப் பாதிதான் அத்தனை ஆயிரம் ஒளியாண்டுக்கும் பரவிக் கிடக்கிறது. இப்படி இறுகிப்போன நீள்வட்டக் கேலக்ஸிகளுக்கு என்றே ஒரு வகை பிரித்திருக்கிறார்கள். அந்த வகைக்கு முன்மாதிரி எம்32.

மையத்துக்குப் போகப்போக நெருக்கம் நம்பமுடியாததாக ஆகிறது. ஹபிள் தொலைநோக்கியின் படங்களிலிருந்து கிடைத்த மதிப்பு, நட்டநடுவில் ஒரு கன பார்செக்கில் ஒரு கோடி சூரிய நிறைக்கும் மேல். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. நம் சூரியனுக்கு அருகில் அதே கன அளவில் ஒரு விண்மீன்கூட முழுதாகத் தேறாது. காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கன பார்செக்கில் சூரியனைப் போன்ற ஒரு கோடி விண்மீன்களைச் சீராக அடுக்கினால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பூமி–சூரியன் தூரத்தைப் போல சுமார் 960 மடங்குதான் வரும். நெப்டியூன் 30 மடங்குத் தூரத்தில் இருக்கிறது. அதாவது நெப்டியூனைப் போல முப்பத்திரண்டு மடங்குத் தூரத்தில் அடுத்த சூரியன். நம்முடைய அடுத்த விண்மீனுக்கு ஒளி போய்ச்சேர 4.2 ஆண்டு ஆகிறது. அங்கே ஐந்தரை நாள்.

அந்தத் தூரத்தில் ஒரு சூரியன் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும்? அதையும் போட்டுப் பார்த்தேன். நம் முழுநிலவின் வெளிச்சத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அதுவும் ஒன்றே ஒன்று. அதற்கு அப்பால் வரிசை வரிசையாக மற்றவை. அங்கிருக்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை சூரியனைவிட மங்கலானவை என்பதால் உண்மையில் இது கொஞ்சம் குறையும். ஆனால் மங்கலான விண்மீன்கள் என்றால் எண்ணிக்கை கூடும், இடைவெளி இன்னும் சுருங்கும். எப்படிப் பார்த்தாலும் அங்கே இருட்டு என்ற ஒன்று இல்லை. நம்மைப் போல ஒருவர் அங்கே வானியல் படிக்க உட்கார்ந்தால், தன் கேலக்ஸிக்கு வெளியே ஒன்று இருப்பதாகவே கண்டுபிடிக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

இவ்வளவு நெருக்கத்தில் தனித்தனி விண்மீன்களைப் பிரித்துப் பார்ப்பது நெடுங்காலம் முடியாமல் இருந்தது. ஆண்ட்ரோமீடாவின் மையம், எம்32, எம்110 மூன்றுமே பால் போன்ற ஒரு பூச்சாகத்தான் படங்களில் விழுந்தன. 1943இல் அது உடைந்தது. கலிஃபோர்னியாவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் 100 அங்குலத் தொலைநோக்கியோடு இருந்த வால்டர் பாடே ஜெர்மானியர். எதிரி நாட்டவர் என்று வகைப்படுத்தப்பட்டதால் போர் ஆராய்ச்சிப் பணிகளுக்கு அவரை எடுக்கவில்லை. சக விஞ்ஞானிகள் பலர் போர் வேலைக்குப் போய்விட, தொலைநோக்கி பெரும்பாலும் அவருக்குக் கிடைத்தது. கீழே லாஸ் ஏஞ்சலிஸ் போர்க்கால விளக்கணைப்பில் கிடந்ததால் வானமும் இருட்டாக இருந்தது. நீல நிறத்துக்கு உணர்வுள்ள ஒளிப்படத் தகடுகளில் பிடிபடாத விண்மீன்களைச் சிவப்பு நிறத்துக்கு உணர்வுள்ள தகடுகளில் பிடித்தார். பூச்சு மணல் மணலாகப் பிரிந்தது. சுருள் கைகளில் இருக்கும் நீல நிற இளம் விண்மீன்கள் ஒரு கூட்டம், இந்த மையங்களிலும் நீள்வட்டங்களிலும் இருக்கும் சிவந்த முதிய விண்மீன்கள் இன்னொரு கூட்டம் என்று 1944இல் அவர் பிரித்துக் காட்டினார். விண்மீன்களுக்கும் தலைமுறை உண்டு என்பது வானியலில் அங்கிருந்துதான் வேரூன்றியது. அதற்கு எம்32-உம் ஒரு சாட்சி.

ஆனால் பாடேவின் பிரிப்பில் எம்32 அழகாகப் பொருந்தியது போலத் தோன்றினாலும், பிறகு அதை நெருங்கிப் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக இடித்தது.

குள்ளக் கேலக்ஸிகளில் வழக்கமாக ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் குறைவு. (வானியலாளர்கள் ஆக்சிஜனையும் கார்பனையும்கூட ‘உலோகம்’ என்பார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்வோம்.) காரணம் எளிது. உலோகம் விண்மீன்களின் உள்ளே சமைந்து, அவை வெடிக்கும்போது வெளியேறுகிறது. பெரிய கேலக்ஸி தன் ஈர்ப்பால் அதைப் பிடித்து வைத்து அடுத்த தலைமுறை விண்மீன்களுக்குக் கொடுக்கும். சின்னதுக்கு அந்தப் பிடி கிடையாது. வெடித்தது வெளியே போய்விடும். ஆகவே ஒரு கேலக்ஸியின் உலோக அளவைப் பார்த்தே அதன் பருமனைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். எம்32-இன் உலோக அளவோ கிட்டத்தட்ட சூரியனுடையதற்கு இணை. இத்தனை சின்ன உடம்புக்கு அது மிக அதிகம்.

அடுத்தது கருந்துளை. 1984இல் ஜான் டான்ரி எம்32-இன் மையத்தை ஒட்டி விண்மீன்கள் சுற்றும் வேகத்தை அளந்து, நடுவே கண்ணுக்குத் தெரியாத பெரும் நிறை இருக்க வேண்டும் என்று காட்டினார். இன்றைய மதிப்பு சுமார் 25 லட்சம் சூரிய நிறை. நம் பால்வீதியின் நடுவில் இருப்பதே 43 லட்சம்தான். இங்கே எம்110-ஐ மறுபடி கொண்டுவருகிறேன். அதே வெளிச்சம், அதே தாய்க் கேலக்ஸி. ஆனால் அதன் நடுவில் கருந்துளை இருந்தாலும் சில பத்தாயிரம் சூரிய நிறைக்கு மேல் இருக்க வழியில்லை. ஒரே அளவு வெளிச்சமுள்ள இரண்டு துணைகளில் இப்படி நூறு மடங்கு வித்தியாசம் என்றால், இரண்டும் ஒரே வழியில் வந்தவை என்று நம்பக் கடினம். குள்ளத்துக்கு அந்தக் கருந்துளை பொருந்தவில்லை. ஆனால் ஒரு பெரிய கேலக்ஸியின் நடுப்புடைப்புக்கு, அதாவது தட்டின் நடுவே புடைத்து நிற்கும் விண்மீன் திரளுக்கு, அது சரியான அளவு.

இன்னும் ஒன்று: எம்32-க்குக் கோளக விண்மீன் கொத்துகளே (முதிய விண்மீன்கள் உருண்டையாக நெருங்கிய கூட்டங்கள்) கிடையாது. இந்த வெளிச்சமுள்ள கேலக்ஸிக்குப் பத்து, பதினைந்தாவது இருந்திருக்க வேண்டும். அவை பொதுவாக ஒரு கேலக்ஸியின் வெளிச்சுற்றில் இருப்பவை.

நடுப்புடைப்பு இருக்கிறது, வெளிச்சுற்று இல்லை. இதை வைத்து 1973லேயே சாண்ட்ரா ஃபேபர் ஊகித்தார்: இது பிறவிக் குள்ளம் அல்ல, பெரிய அண்டை உரித்துவிட்ட ஒன்று. உரிப்பது ஓத விசை. கடலில் ஏற்ற இறக்கம் உண்டாக்கும் அதே விசைதான். ஒரு கேலக்ஸி இன்னொரு பெரிய கேலக்ஸியை நெருங்கும்போது அதன் அருகுப் பக்கமும் தொலைப் பக்கமும் வெவ்வேறு வலுவில் இழுபடும். தன் ஈர்ப்பால் இறுகப் பிடித்திருக்கும் நடுப்பகுதி தாங்கிக்கொள்ளும். தளர்வாகக் கட்டுண்ட ஓரங்கள் கழன்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக. 2001இல் கெஞ்சி பெக்கியும் கூட்டாளிகளும் கணினியில் ஒரு சுருள் கேலக்ஸியை ஆண்ட்ரோமீடாவைச் சுற்றி ஓடவிட்டுப் பார்த்தார்கள். தட்டு போய், நடுப்புடைப்பு மட்டும் நின்றது.

இப்படி நடக்குமா என்று யாராவது கேட்டால், நம் வீட்டிலேயே நடந்துகொண்டிருக்கிறது. தனுசுக் குள்ளக் கேலக்ஸி 1994இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பால்வீதி அதை இழுத்து, வானத்தைச் சுற்றி ஒரு நீண்ட விண்மீன் ஓடையாக ஆக்கிவிட்டது. அதன் மையத்தில் உட்கார்ந்திருப்பது எம்54. 1778இல் பிரெஞ்சு வானியலாளர் மெசியே தன் பட்டியலில் சேர்த்து (எம் என்ற எழுத்து அவர் பெயரிலிருந்துதான்), இரு நூறாண்டுகளுக்கு மேல் பால்வீதியின் சாதாரணக் கொத்து என்று எல்லோரும் நினைத்திருந்த ஒன்று. 2014இல் எம்60 என்ற தொலைவான கேலக்ஸியின் அருகே, எம்32-ஐவிடவும் சின்ன ஒரு துணையின் நடுவில் 2 கோடி சூரிய நிறைக் கருந்துளை பிடிபட்டது. அதன் மொத்த நிறையில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் கருந்துளையே. உரிந்துபோன பெரிய ஒன்றின் மிச்சம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

எம்32 விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் 2018இல் வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ரிச்சர்ட் டிசூசாவும் எரிக் பெல்லும் எழுதியது. அவர்கள் எம்32-இல் தொடங்கவில்லை. ஆண்ட்ரோமீடாவின் ஒளிவட்டத்தில், அதாவது தட்டுக்கு வெளியே வெகுதூரம் வரை சிதறிக் கிடக்கும் விண்மீன்களில் தொடங்கினார்கள். அந்தச் சிதறல் விழுங்கப்பட்ட கேலக்ஸிகளின் மிச்சம் என்பது முன்பே தெரியும். எத்தனை விழுங்கியது, எப்போது, எவ்வளவு பெரியவை என்று பிரித்தெடுப்பதுதான் முடியாத காரியமாகத் தோன்றியது; எல்லாம் கலந்துவிட்டதே. கணினிப் பாவனைகளில் இவர்கள் கண்டது: பல சின்னவற்றை விழுங்கியிருந்தாலும், ஒளிவட்டத்தின் விண்மீன்களில் பெரும்பங்கு எப்போதும் ஒரே ஒரு பெரிய இரையிலிருந்து வருகிறது. அப்படியானால் ஒளிவட்டத்தின் நிறையைக் கூட்டினால் அந்த இரையின் நிறை வந்துவிடும். ஆண்ட்ரோமீடாவின் ஒளிவட்டம் கனமானது, உலோகமும் மிகுந்தது. உலோகம் மிகுந்தால் பெரிய கேலக்ஸி. மேலே சொன்ன அதே தர்க்கம். வெளியே கிடக்கும் விண்மீன்களில் இளையவற்றின் வயதைப் பார்த்தால் மோதல் நடந்தது சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன். இரையின் விண்மீன் நிறை சுமார் 2,500 கோடி சூரியன்கள்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம்மைச் சுற்றியுள்ள கேலக்ஸிகளின் உள்ளூர்க் கூட்டத்தில் ஆண்ட்ரோமீடா, பால்வீதி இரண்டுக்கும் அடுத்தபடி அது மூன்றாவது பெரிய கேலக்ஸியாக இருந்திருக்கும். இன்று அந்த இடத்தில் இருக்கும் எம்33-ஐவிடப் பல மடங்கு கனமானது. பூமியில் ஒற்றைச் செல் உயிர்கள் இருந்த காலத்தில் அது ஒரு முழுக் கேலக்ஸியாக இருந்து, பிறகு காணாமல் போயிருக்கிறது.

அவ்வளவு பெரியதன் இறுகிய நடு மட்டும் கரையாமல் எங்கேயாவது இருக்க வேண்டுமே? உலோகம் மிகுந்ததாக, இறுகியதாக, விண்மீன்கள் பிறப்பது சுமார் 200 கோடி ஆண்டு முன்பு வரை தொடர்ந்ததாக? எம்32-இன் விண்மீன்களில் கணிசமானவை 200 கோடி முதல் 500 கோடி ஆண்டு வயதுடையவை என்று ஹபிள் படங்கள் ஏற்கெனவே காட்டியிருந்தன. தேடும் அடையாளம் அத்தனையும் ஒரே ஆளிடம் பொருந்துகிறது. இதில் என்னைக் கவர்ந்தது, சின்னதின் வரலாற்றைப் பெரியதன் உடம்பில் தேடியதுதான். எம்32-ஐ மட்டும் எத்தனை கூர்மையாகப் பார்த்திருந்தாலும் அது இழந்ததன் அளவு கிடைத்திருக்காது. இழந்தது அத்தனையும் ஆண்ட்ரோமீடாவிடம் இருக்கிறது.

நான் இந்தக் கட்சிதான். ஆனால் முழு மனதோடு என்று சொல்ல முடியவில்லை. 2015இல் இகோர் சிலிங்கர்யானும் இவான் சோலோடுகினும் இப்படி இறுகிய நீள்வட்டங்களை வானமெங்கும் தேடினார்கள். கிடைத்ததில் பதினொன்று தனியாக நின்றன. உரிப்பதற்குப் பக்கத்தில் பெரிய கேலக்ஸி எதுவும் இல்லை. எங்கேயோ உரிபட்டு, பிறகு மூன்றாவது ஒன்றின் குறுக்கீட்டால் தூக்கி எறியப்பட்டவை என்பது அவர்கள் விளக்கம். இருக்கலாம். ஆனால் பிறக்கும்போதே இறுகிப் பிறந்தவையும் இருக்கலாம் என்ற கதவை அது மூடவில்லை.

போதாததற்கு இன்னொரு மோதல் கதையும் உண்டு. ஆண்ட்ரோமீடாவின் தூசியில் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. இரண்டும் மையத்திலிருந்து விலகி நிற்கின்றன. 2006இல் டேவிட் பிளாக், ஃப்ரெடெரிக் பூர்னோ, ஃபிரான்ஸ்வாஸ் கோம்ப் முதலானோர், சுமார் 21 கோடி ஆண்டுக்கு முன் எம்32 ஆண்ட்ரோமீடாவின் தட்டை ஏறக்குறைய நேர்க்குத்தாகத் துளைத்துப் போனதால் எழுந்த அலைகள் இவை என்றார்கள். பாவனை வளையங்களை அழகாகவே உண்டாக்குகிறது. 200 கோடி ஆண்டு முன் உரிபட்டு, 21 கோடி ஆண்டு முன் மீண்டும் துளைத்துச் சென்றது என்று இரண்டையும் ஒரே கதையாகக் கோத்துவிடவும் இடமிருக்கிறது. கோர்ப்பது எளிதாக இருப்பதாலேயே எனக்கு அதில் சந்தேகம்.

எம்32 எப்படி நகர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. நம்மை நோக்கிய வேகம் நன்றாகத் தெரியும்: எம்32 நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர், ஆண்ட்ரோமீடா 300. நிறமாலையில் அது நேராக விழுந்துவிடும். தேவைப்படுவது குறுக்குவாட்டு வேகம். அதை வானத்தில் இடம் மாறுவதை வைத்துத்தான் அளக்க வேண்டும். 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் நொடிக்கு 100 கிலோமீட்டர் என்றால், ஆண்டுக்கு ஒரு வில்நொடியில் பத்து லட்சத்தில் 27 பங்கு நகர்வு. ஒரு பாகைக்கு 3,600 வில்நொடி. அந்த எண் போதிய துல்லியத்தில் கையில் இருந்தால், பாதையைப் பின்னோக்கி ஓட்டி, 21 கோடி ஆண்டு முன் எம்32 எங்கே இருந்தது என்று பார்த்துவிடலாம். தட்டைத் துளைத்ததா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும். 200 கோடி ஆண்டு பின்னால் ஓட்டுவது வேறு கதை. அதற்குள் ஆண்ட்ரோமீடாவின் நிறையும் மாறியிருக்கும், இதன் நிறையும் மாறியிருக்கும், பாதை நம்பிக்கைக்குரியதாக இருக்காது. ஆகவே முதலில் சோதனைக்கு வரப்போவது 2006இன் வளையக் கதை. பந்தயம் கட்டச் சொன்னால், அது விழும் என்றும் 2018இன் கதை நிற்கும் என்றும் கட்டுவேன்.